அறுநூற்றைம்பது சொற்களுக்குள் ஒரு தடை

வால்மோன், மெய்ன்
ஆகஸ்ட் 24

அன்புள்ள லூசியன் அண்ணாவுக்கு,

ஒடெட் எழுதுகிறேன். இங்கே மூவரும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் மழை வருவதை ஒரு நாள் முன்னதாகவே சொல்லிவிடுகிறது. நீ எப்படி இருக்கிறாய்? போனில் கேட்டால் "நல்லாருக்கேன், சாப்டாச்சு, வெக்கட்டுமா" என்று முடித்துவிடுகிறாய். கடிதத்தில் அப்படித் தப்பிக்க முடியாது. காகிதத்தை நிரப்பியாக வேண்டும்.

எனக்கு இது பள்ளியின் கடைசி வருடம் என்பது உனக்குத் தெரியும். கடற்கரைக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடுகிறேன். மதிப்பெண் போதாதாம், கட்டுரையும் வேண்டுமாம். "நீ சந்தித்த ஒரு தடையைப் பற்றி எழுது." அறுநூற்றைம்பது சொற்களுக்குள். எங்களுக்கு வழிகாட்டும் மிஸ் டுவால் சொன்னார்: "எல்லாருக்கும் ஏதாவது ஒரு கஷ்டம் இருக்கும். தேடிப் பாருங்க."

வகுப்பே தேடுகிறது. ட்ரிஸ்டன் முட்டி அறுவை சிகிச்சையை எழுதுகிறான். மாக்ஸின் என்பவள் தன் நாய் செத்ததை எழுதுகிறாள். அந்த நாயோ இன்னும் தினமும் அவளைப் பள்ளிவரை கொண்டுவந்து விடுகிறது. கேட்டால், "அதுக்கு வயசாகுதுல்ல, ஜனவரிக்குள்ள எப்படியும்..." என்கிறாள்.

எனக்குத் தேட வேண்டியதில்லை. ஏழு வருடத்துக்கு முன், அந்த ஜனவரியில், நம் கிடங்கில் உருளைக்கிழங்கு அத்தனையும் உறைந்து அழுகியதே, அதுதான். நிலம் போனது. அப்பா வறுவல் ஆலைக்கு லாரி ஓட்டப் போனார். நீயும் கப்பல் வேலைக்குப் போய்விட்டாய். நீ போன் செய்யும்போது அப்பா எழுந்து வாசலுக்குப் போவது இன்றுவரை நிற்கவில்லை.

ஆனால் அன்று கிடங்கின் கதவைச் சாத்த மறந்தது நீ. அதனால் உன்னைக் கேட்காமல் எழுதமாட்டேன். எழுதட்டுமா?

உன் தங்கை,
ஒடெட்

*

ஏரியில்
செப்டம்பர் 11

ஏ சோடாபுட்டி,

சௌக்கியம். நீங்களும் சௌக்கியம் என்று தெரிந்து நிம்மதி. அம்மாவிடம் அந்தக் களிம்பைத் தேய்க்கச் சொல். தேய்க்க மாட்டாள். இருந்தாலும் சொல்.

உன் கடிதம் வந்த விதத்தை நீ பார்த்திருக்க வேண்டும். டெட்ராய்ட் ஆற்றில் எங்கள் கப்பல் நிற்காது. தபால் படகு பக்கத்தில் ஒட்டி ஓடிவரும். நாங்கள் கயிற்றில் ஒரு வாளியை இறக்குவோம். உன் நீல உறையைப் பார்த்ததும் சமையல்காரன், "லூசியனுக்குக் காதல் கடிதம்டோய்!" என்று கத்திவிட்டான். தங்கச்சி என்றால் ஒருவனும் நம்பவில்லை. இரும்புத் தாது மேலிருந்து கீழே போகிறது, நாங்கள் காலியாக மேலே போகிறோம். அவ்வளவுதான் என் செய்தி.

கட்டுரையைப் பற்றி. உனக்கு வேறு கஷ்டமே கிடைக்கவில்லையா? மூன்றாம் வகுப்பில் கண்ணாடி போட்டதற்கு அழுதாயே, அதை எழுதேன். அம்மை வந்து பரீட்சையை விட்டாயே, அது?

கிடங்கைத்தான் எழுதுவேன் என்றால் எழுது. என் பெயரைப் போட்டாலும் எனக்கு ஒன்றுமில்லை. அப்பாவுக்கு மட்டும் படித்துக் காட்டாதே.

லூசியன்

*

வால்மோன்
அக்டோபர் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகமாக இருக்கிறாயா? இங்கே அறுவடை விடுமுறை. பள்ளிக்கு மூன்று வாரம் பூட்டு. நான் ஜெர்வே வீட்டு அறுவடை இயந்திரத்தின் மேல் நின்று, ஓடும் பட்டையிலிருந்து கல்லையும் மண்கட்டியையும் பொறுக்கி எறிகிறேன். நம் நிலத்தில்தான். அது இப்போது அவர்களுடையது என்று சொல்லிக்கொள்ளப் பழகிவிட்டேன். இரவில் கண்ணை மூடினாலும் கிழங்கு ஓடுகிறது.

சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து கட்டுரையின் முதல் வடிவத்தை எழுதிவிட்டேன். தொடக்கம் இது:

"எனக்குப் பத்து வயதாக இருந்தபோது என் அண்ணன் ஒரு கதவைச் சாத்த மறந்தான்."

மிஸ் டுவாலின் வீட்டுக்குப் போய்க் காட்டினேன். அவர் இந்த வரியின் கீழே இரண்டு கோடு போட்டார். "நல்லா இருக்கு. ஆனா இதுக்கப்புறம் எல்லாம் புகையா இருக்கு. என்ன நடந்துச்சுன்னு எல்லாரும் சொல்லுவாங்க ஒடெட். நீ எங்க நின்னே, கையில என்ன வெச்சிருந்தே, அதைச் சொல்லு."

எனக்கு அந்த நாள் சரியாக நினைவில்லை. மறுநாள் காலையிலேயே என்னை அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தபோது அழுகல் நாற்றம்தான் இருந்தது. அதனால் உன்னைக் கேட்கிறேன். எத்தனை மணிக்குக் கிடங்கைப் பார்க்கப் போனாய்? எந்தக் கதவு? எப்படி மறந்தாய்? பூஜ்யத்துக்கு முப்பது கீழே என்று அம்மா சொல்கிறாள். சரியா?

குற்றம் சொல்லக் கேட்கவில்லை. கட்டுரைக்காக.

ஒடெட்

*

ஏரியில்
அக்டோபர் 17

ஒடெட்டுக்கு,

நலம். காற்று பலமாகிவிட்டது. நேற்று சூப்பீரியர் ஏரியில் அலை தளத்தின் மேல் ஏறிவந்தது. சமையல்காரன் சூப்பை மூன்று முறை வைத்தான், மூன்று முறையும் தரைதான் குடித்தது.

முப்பது கீழே, சரிதான். கதவு, முன்பக்கப் பெரிய கதவு. டிராக்டர் போகுமே, அது. அன்று எனக்கு ஹாக்கி ஆட்டம். அவசரத்தில் சாத்தவில்லை. இதற்குமேல் இதில் ஒன்றும் இல்லை.

உன் வாத்தியாரம்மா சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. கதவு எப்படி இருந்தால் என்ன? பிறகு நீ எப்படிப் படித்தாய், எப்படி முதலாவதாக வந்தாய், அதை எழுது. அவர்கள் சேர்த்துக்கொள்ளப்போவது உன்னைத்தான், கதவை அல்ல.

குளிர் வருகிறது. கம்பளிக் காலுறை போட்டுக்கொள்.

லூசியன்

*

வால்மோன்
அக்டோபர் 26

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா? நாங்கள் நலம்.

நீ சொன்ன பெரிய கதவை எழுதி, அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அம்மா கல்லில் ப்ளாய் அப்பம் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் மட்டும் வேகவைப்பதால் கல்லைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டாளே, அப்படியே சொன்னாள்: "பெரிய கதவா? யாரு சொன்னா? பின்பக்கம் இருந்துச்சே சின்னக் கதவு, அதுதான் காத்துல திறந்து கெடந்துச்சு. உங்கப்பா பாத்தாரு."

"அண்ணன் பெரிய கதவுன்னு எழுதியிருக்கான்மா."

"ஏழு வருஷம் ஆச்சுல்ல. மறந்திருப்பான்."

எனக்குக் கோபம் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். உன்னைப் பற்றி எழுதும்போது நீ பொறுப்பில்லாமல் பதில் போடுகிறாயே என்று. மேசையில் உட்கார்ந்து "பெரிய கதவு" என்பதை அடித்துவிட்டு "பின்பக்கச் சின்னக் கதவு" என்று எழுதினேன். மிஸ் டுவால் கேட்டபடி அந்தக் கதவை நன்றாகப் பார்த்து எழுத முயன்றேன்.

அது என் தோள் உயரம். உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. வெளியே ஒரு மரக்கட்டை, ஆணியில் சுழலும். வெளியே வந்து அதைத் திருப்பிவிட வேண்டும். குளிர்காலத்தில் யாரும் அந்தப் பக்கம் போகமாட்டார்கள், பனி இடுப்பளவு இருக்கும். நீ அதில் நுழைய வேண்டுமென்றால் தவழ வேண்டும். அந்தக் கட்டை கைக்கு வழவழவென்று இருக்கும், கையுறையோடு திருப்பினால் வழுக்கும், கையுறையைக் கழற்றினால்

அண்ணா, இது எனக்கு எப்படித் தெரியும்?

அப்பா கிடங்குக்குள் போகக்கூடாது என்று என்னைத் தடுத்திருந்தார். நான் போவேன். உள்ளே காற்று இல்லை, சத்தம் இல்லை, ஒரு பல்பு இருந்தது. சாக்கின் மேல் உட்கார்ந்து படிப்பேன்.

இதை இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

ஒடெட்

*

வால்மோன்
நவம்பர் 4

அண்ணாவுக்கு,

உன் பதிலுக்குக் காத்திருக்க முடியவில்லை.

ஊர் நூலகத்துக்குப் போனேன். அந்த ஜனவரியில் எரிமலைகளைப் பற்றிய ஒரு புத்தகத்தைத் தொலைத்தேன். கிழங்கு அழுகிய வாரம் முழுக்க எனக்கு அந்தப் புத்தகக் கவலைதான், வெட்கமாக இருக்கிறது. பிறகு போய்க் கேட்டபோது புத்தகம் திரும்பி வந்துவிட்டது என்றார்கள். நான்தான் கொடுத்துவிட்டு மறந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

நூலகத் திருமதி மிஷோவுக்கு நினைவிருக்கிறது. "உங்கண்ணன்தான் கொண்டாந்து குடுத்தான். அட்டையெல்லாம் நனைஞ்சு உப்பிப்போயிருந்துச்சு. நான்தான் நனைச்சுட்டேன்னு அபராதம் கட்டிட்டுப் போனான். எரிமலை படிக்கிற ஆளா இவன்னு எனக்கே ஆச்சரியம்."

நவம்பர் ஒன்றாம் தேதி முதல் கெடு. நான் கட்டுரையை அனுப்பவில்லை. மிஸ் டுவாலிடம் காய்ச்சல் என்று சொன்னேன். இன்னொரு கெடு ஜனவரி ஒன்று.

உண்மையை எழுது.

ஒடெட்

*

ஏரியில்
நவம்பர் 28

அன்புள்ள ஒடெட்,

உடம்பு நன்றாக இருக்கிறதா? இந்தக் கடிதத்தை நான்கு முறை தொடங்கினேன். தபால் படகு மூன்று முறை வந்துபோய்விட்டது.

அன்று சாயங்காலம் கிடங்கைப் பார்க்கப் போனேன். உள்ளே கால் வைத்ததும் பின்னால் ஒரு சத்தம். பூனை என்று நினைத்தேன். போய்ப் பார்த்திருக்க வேண்டும். பசங்க வண்டியில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள், ஆட்டத்துக்கு நேரமாகிவிட்டது. வெளிச்சத்தை அணைத்துவிட்டுப் பெரிய கதவை நன்றாகச் சாத்திவிட்டு ஓடிவிட்டேன். அந்தப் பூனை நீதான். என்னைக் கண்டு பயந்து, புத்தகத்தைக் கூட விட்டுவிட்டு, வெளிக்கட்டையையும் திருப்பாமல் பின்பக்கமாக ஓடியிருக்கிறாய்.

காலையில் அப்பா திறந்து கிடந்த பின்கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் தரையைப் பார்த்தேன். புத்தகம் கிடந்தது. சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். அப்பா திரும்பி, "நேத்து ராத்திரி யாரு பாத்தது?" என்றார். நான்தான் பார்த்தேன், அதைச் சொன்னேன். அதில் பொய் இல்லை ஒடெட். சத்தம் கேட்டும் திரும்பி வந்தது நான். உனக்குப் பத்து வயது. எனக்குப் பதினெட்டு.

அதற்குப் பிறகு அவர் சொன்னது உனக்குத் தெரியாது. "ஒரு கதவக் காக்கத் தெரியாதவன் என் வீட்டுல எதுக்கு?" என்றார். கோபத்தில்தான் சொன்னார். ஆனால் ஈஸ்டர் வரை காத்திருந்தேன், அவர் அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. அதனால் கிளம்பினேன். இதில் உன் பங்கு எதுவும் இல்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அப்பாவிடம் சொல்லாதே. ஏழு வருடமாக ஒரு கோபத்தோடு வாழப் பழகிவிட்டார். இந்த வயதில் அவருக்குப் புதிதாக இன்னொன்று வேண்டாம். கண்ணாடி போட்ட கதையை எழுதி அனுப்பு.

லூசியன்

*

வால்மோன்
டிசம்பர் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு என்மேல் கோபப்பட்டாலும் சுகமாக இரு.

சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "அப்பா, கிடங்கோட பின்கதவு என்னாலதான் திறந்து கெடந்துச்சு" என்றேன். அவருக்கு முதலில் புரியவில்லை. "எந்தக் கிடங்கு?" என்றார், ஆலைக் கிடங்கு என்று நினைத்து. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். சாக்கு, பல்பு, எரிமலை, நீ உள்ளே வந்தது, நான் ஓடியது.

முள்கரண்டியைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஆர்மான், எதாச்சும் பேசுங்க" என்றாள் அம்மா.

"என்னத்தப் பேச?" என்றார். தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "உள்பக்கம் ஒரு கொக்கி இருந்திருந்தா ராத்திரி பாக்கப் போறவங்க மாட்டியிருப்பாங்க. வாங்கி வெக்கிறேன் வெக்கிறேன்னு ரெண்டு வருஷமா சொல்லிட்டே இருந்தேன்."

"மூணு வருஷம்" என்றாள் அம்மா.

"சரி, மூணு."

அப்புறம் என்னைப் பார்த்தார். "அவனுக்குத் தெரியுமா, நீதான்னு?"

"மறுநாள் காலையிலேயே தெரியும்பா."

"ஒரு வார்த்தை சொல்லலையே."

"நீங்க கேட்டது யாரு கடைசியா பாத்ததுன்னு. அதுக்கு அவன் உண்மையத்தான் சொல்லியிருக்கான்."

எழுந்து போய் லாரியில் உட்கார்ந்தார். வண்டியைக் கிளப்பவில்லை. அம்மா ஒரு மணி நேரம் பொறுத்துவிட்டு அவருடைய தொப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அப்போதும் இறங்கவில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நீ சொன்னதைக் கேட்கவில்லை என்பது தெரியும். ஆனால் அது என் கதவு அண்ணா.

ஒடெட்

*

வால்மோன்
ஜனவரி 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

புத்தாண்டு உனக்கு நல்லபடியாக அமையட்டும். நீ பதில் போடவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. அம்மா உனக்கு அனுப்பிய கம்பளிச் சட்டை அளவு சரியா என்றாவது எழுது, அவள் தினமும் கேட்கிறாள்.

கட்டுரை போய்விட்டது. கடைசி நாள் மாலை அனுப்பினேன். இப்படித் தொடங்குகிறது: "நான் தாண்டிய தடையைப் பற்றி எழுதச் சொல்கிறீர்கள். நான் இரண்டு மாதம் அப்படித்தான் எழுதினேன். பிறகு, இந்தக் கதையில் வழியை மறித்து நின்றது நான் என்றும், மறிக்கப்பட்டது என் அண்ணன் என்றும் தெரிந்துகொண்டேன்."

மிஸ் டுவால் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "சரி, இதுல நீ எதை ஜெயிச்சே?"

"ஒண்ணும் ஜெயிக்கலை மிஸ்."

"முடிவுல எல்லாம் சரியாச்சா?"

"இன்னும் ஆகலை."

"அவங்க இப்படி எதிர்பார்க்க மாட்டாங்க ஒடெட். இடம் கைவிட்டுப் போகலாம்."

"தெரியும் மிஸ். ஆனா பழசை அனுப்பினா பொய் சொல்லி உள்ள போனமாதிரி ஆயிடும்."

நீளம் எழுநூற்றைத் தாண்டியிருந்தது. இருவரும் உட்கார்ந்து வெட்டினோம். மார்ச்சில் முடிவு தெரியும்.

அப்பா உன் முகவரியைக் கேட்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஒடெட்

*

வால்மோன்
ஜனவரி 14

லூசியனுக்கு,

இங்கு நலம். உன் நலம் உன் தங்கை மூலம் அறிகிறேன்.

கப்பலைக் குளிர்காலத்துக்குக் கட்டிப்போட்டுவிட்டார்கள், மார்ச் வரை உனக்கு வேலை இல்லை, துலூத்தில் ஒரு அறையில் இருக்கிறாய் என்று கப்பல் கம்பெனியில் விசாரித்து அவள் சொன்னாள்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. இதுவே மூன்றாவது காகிதம்.

அன்று நான் கேட்ட கேள்வி தவறு. அதற்குப்பின் சொன்னது அதைவிடத் தவறு. ஈஸ்டருக்கு முன் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்று நினைத்தேன்.

மேற்கிலிருந்து வரும் பஸ் பாங்கோர் வரைக்கும்தான். மாலை நாலரைக்கு வருகிறது. எனக்கு வெள்ளிக்கிழமை லாரி ஓட்டும் வேலை கிடையாது. இருபத்தாறாம் தேதி வெள்ளிக்கிழமை பாங்கோர் பஸ் நிலையத்தில் நிற்பேன். நீ வரவேண்டும் என்று கட்டாயம் இல்லை. நான் நிற்பேன்.

ஆர்மான்
உன் அப்பா

*

வால்மோன்
ஜனவரி 28

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ சுகம்தானே? அதை மட்டுமாவது சொல்.

அப்பா வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கே கிளம்பினார். மூன்று மணி நேரப் பயணத்துக்கு. பனி கொட்டியது. இரவு பதினோரு மணிக்குத் திரும்பினார். அம்மாவும் நானும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தோம். அவர் பூட்சைக் கழற்றியபடியே, "பஸ் சரியான நேரத்துக்கு வந்துச்சு" என்றார். சூடுபடுத்திய சாப்பாட்டை முழுதும் சாப்பிட்டார்.

படுக்கப் போகும்போது என் அறைக் கதவருகே நின்று, "அடுத்த வெள்ளிக்கும் லாரி இல்ல" என்றார்.

"அவன் வரலைன்னா என்னப்பா பண்ணுவீங்க?"

"அதுக்கடுத்த வெள்ளியும் இல்ல."

உன்னை வா என்று நான் சொல்லவில்லை. உன் கடிதங்களில் எழுதாமல் விட்டதை ஒருமுறை தோண்டிப் பார்த்துவிட்டேன், இனி அப்படிச் செய்வதில்லை என்று இருக்கிறேன். நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

ஒடெட்

*

துலூத், மின்னசோட்டா
பிப்ரவரி 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் ஒடெட்டும் நலமாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதம் பதினெட்டாம் தேதியே கைக்கு வந்துவிட்டது. பையைக் கட்டினேன். இருபத்து நாலாம் தேதி இங்கே பஸ் நிலையம் வரை போனேன். பஸ் வந்தது, ஏறவில்லை. உங்களிடம் முதலில் என்ன பேசுவது என்று தெரியவில்லை. இன்னும் தெரியவில்லை.

ஒன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை பாங்கோர் வந்துசேரும் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். அவ்வளவு தூரம் பனியில் ஓட்டிக்கொண்டு வர வேண்டாம், நானே எப்படியாவது வந்துசேர்கிறேன் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

வாருங்கள் அப்பா. வந்து நில்லுங்கள்.

லூசியன்